இரவு எட்டரைக்கு என்ன வருகிறது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் உள்ள ஒரு ஊரிலிருந்து ஒரு டீச்சர் வீட்டு இணையம் பற்றி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, தேவையான இடங்களை மட்டும் எடுத்துத் தருகிறேன்:

“வீட்டில் நாங்கள் நாலு பேர். மகள் இந்த முறை ஏ.எல். எடுக்கிறாள், கிழமையில் நாலு நாள் இரவு சூம் வகுப்பு. தம்பி கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுத்து எடிட் பண்ணி வெளிநாட்டு ஆக்களுக்கு அனுப்புகிறவன். மகளின் அப்பா கட்டாரில், வேலை முடிந்து எங்கள் நேரம் எட்டரைக்குத்தான் எடுப்பார். அம்மாவுக்கு நாடகம். எல்லாம் இப்போது போனில் ரீலோட் போட்டுத்தான் ஓடுகிறது, மாசக் கடைசியில் கணக்குப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் வந்து 50 எம்பிபிஎஸ் வரை வரும் 4ஜி ரவுட்டர் தருகிறேன் என்கிறார். தம்பி ஸ்டார்லிங்க் பூட்டுவோம் என்கிறான். ஃபைபர் வரப்போகுது, பொறுங்கோ என்று ஊரில் இரண்டு வருசமாகக் கதை. கல்லடியில் தங்கச்சி வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர், அங்கேயும் படம் சுற்றிக்கொண்டுதான் நிற்கிறது. நாங்கள் எத்தனை எம்பிபிஎஸ் எடுத்தால் காணும்? படுவான்கரை என்றால் எல்லாத்துக்கும் பிந்தித்தானா?”

டீச்சர், கல்லடியில் இருந்து தொடங்குகிறேன். எங்கள் வீட்டைக் கேட்டால் இவன் தங்கச்சி வீட்டுக்குப் போகிறானே என்று நினைக்காதீர்கள், உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேதான் கிடக்கிறது.

எம்பிபிஎஸ் என்பது இணைய வேகத்தின் அளவு. 100 எம்பிபிஎஸ் ஃபைபர், அதாவது கண்ணாடி நூல் லைன், என்றால் அந்த நூறு வந்து சேர்வது சுவரில் பூட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டி வரைக்கும்தான். அதற்குப் பிறகு வைஃபை, அது வேறு கதை. கொஞ்ச நாளுக்கு முன் ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன், இதே முறைப்பாடு. பெட்டி விறாந்தைப் பக்க அறையில், கண்ணாடி அலுமாரிக்குள். ஒரு பக்கம் பித்தளைக் குத்துவிளக்கு, மறுபக்கம் மகன் பாடசாலையில் வாங்கிய கிண்ணங்கள், மேலே தூசி விழாமல் பின்னல் துணி. சாமி அறையில் வைக்காத குறை. லப்டொப்பை வயரில் கொழுவிப் பார்த்தேன், 94 காட்டியது. அலுமாரிக்கு முன்னால் நின்று போனில் பார்த்தால் 61. குசினிக்குள் போனால் 5. இடையில் இரண்டு செங்கல் சுவர், ஒரு கொங்கிரீட் தூண், ஒரு ஃபிரிட்ஜ். அந்த வீட்டு அண்ணன் அதற்குள் 300 எம்பிபிஎஸ் பக்கேஜுக்கு மாற விண்ணப்பம் எடுத்து வைத்திருந்தார். பெட்டியை வெளியே எடுத்து நடு நடையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகை அடித்து வைத்தோம், குசினியில் 38 வந்தது. செலவு ஒரு பலகை, இரண்டு ஆணி, எனக்கு ஒரு பிளேன்ரீ.

ஆகவே தங்கச்சியிடம் முதலில் கேட்க வேண்டியது பெட்டி எங்கே இருக்கிறது என்று. அடுத்தது, வைஃபை இரண்டு அலைவரிசையில் வரும். 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவரை ஊடுருவிப் போகும், ஆனால் மெதுவானது, கல்லடி மாதிரி வீட்டுக்கு வீடு ஒட்டி நிற்கும் இடத்தில் பக்கத்து வீட்டு இருபது வைஃபையும் அதே பாதையில் முட்டி மோதும். 5 கெதியாகப் போகும், ஆனால் ஒரு சுவருக்கே களைத்துவிடும். டிவி அந்த வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தால் 5இல் போடச் சொல்லுங்கள், அல்லது ஒரு வயரை இழுத்துக் கொழுவச் சொல்லுங்கள், வயரைப் போல நம்பிக்கையான சாமான் இந்தத் தொழிலில் இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகும் சுற்றினால் கம்பனிக்கு எடுத்துச் சண்டை பிடிக்கலாம்.

சரி, வாவியைக் கடந்து உங்கள் பக்கம் வருவோம்.

எத்தனை எம்பிபிஎஸ் காணும் என்று கேட்டீர்கள். கூட்டிப் பாருங்கள். மகளின் சூம் வகுப்புக்கு நல்ல தெளிவில் 3 போதும். கட்டாரில் இருந்து வரும் வட்ஸ்அப் வீடியோவுக்கு 2கூட வேண்டியதில்லை, 2 என்றே வைப்போம். அம்மாவின் நாடகம் யூடியூபில் என்றால் 3, பெரிய டிவியில் முழுத் தெளிவு வேண்டுமென்றால் 5. மிச்சப் போன்கள் சும்மா இருக்காது, அதற்கு ஒரு 5. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 15ஐத் தாண்டவில்லை. கொஞ்சம் கையிருப்போடு, இரவு எட்டரைக்கும் குறையாமல் 20 வந்தால் உங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஏச வேண்டி வராது. அமெரிக்காவில் 2024இல் 100 இறக்கம் (வீட்டுக்கு வரும் வேகம்), 20 ஏற்றம் (வீட்டில் இருந்து போகும் வேகம்) இருந்தால்தான் அகலப்பட்டை, அதாவது புரோட்பாண்ட், என்று வரையறையை மாற்றினார்கள், அதற்கு முன் 25க்கு 3. இதைப் படித்துவிட்டு நூறுக்குக் குறைந்தால் ஆகாது என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள், அது நாளைக்கு லைன் போடுகிறவர்களுக்கு வைத்த அளவுகோல், உங்கள் அம்மாவின் நாடகத்துக்கு வைத்தது இல்லை.

இன்னொரு குழப்பம் எல்லா வீட்டிலும் உண்டு. எம்பிபிஎஸ் என்பதில் உள்ளது பிட். கம்பியூட்டரில் ஃபைல் இறங்கும்போது காட்டுவது பைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 20 எம்பிபிஎஸ் லைனில் ஃபைல் இறங்கும்போது 2.5 என்று காட்டினால் யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

உங்கள் வீட்டில் கணக்கைக் குழப்புகிற ஆள் தம்பிதான். அவருக்கு வேண்டியது ஏற்றம், அதாவது இங்கிருந்து மேலே போகும் வேகம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது எப்போதும் இறக்கம். ஒரு கல்யாண வீட்டு வீடியோ 20 ஜிபி என்று வைப்போம். ஏற்றம் 5 எம்பிபிஎஸ் என்றால் அது போய்ச் சேர ஒன்பது மணித்தியாலம். 50 என்றால் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. 4ஜியில் ஏற்றம் எப்போதும் ஒல்லியாகத்தான் இருக்கும், ஏனென்றால் டவருக்குப் பெரிய வாய், உங்கள் ரவுட்டருக்குச் சின்ன வாய், அது கத்துவது அங்கே கேட்க வேண்டும். தம்பி பகலில் ஏற்றத் தொடங்கி அது இரவு வரை இழுபட்டால் மகளின் சூமில் அவள் குரல் படிப்பிக்கிறவருக்கு வெட்டி வெட்டித்தான் கேட்கும். மகள் லைன் சரியில்லை என்பாள், தம்பி நான் ஒன்றும் பண்ணவில்லை என்பான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

இதற்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இந்த நாட்டில் வேகத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. மாதம் எத்தனை ஜிபி?

இங்கே பெரும்பாலான பக்கேஜ்கள் ஜிபி கணக்கில்தான் விற்கிறார்கள். அளவு முடிந்தால் லைன் வெட்டுப்படாது, ஆனால் நடக்கிற மாதிரி ஆகிவிடும், அல்லது மேலதிகமாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். உங்கள் வீட்டைக் கணக்கிட்டுப் பார்த்தேன். சூம் வகுப்பு ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி, நாலு நாள் இரண்டு இரண்டு மணித்தியாலம் என்றால் மாசத்துக்கு 34, 35. வட்ஸ்அப் வீடியோ தினமும் ஒரு மணித்தியாலம் கதைத்தால் 10இல் இருந்து 15. நாடகம் தினமும் இரண்டு மணித்தியாலம் ஓரளவு தெளிவில் 60, அதையே டிவியில் முழுத் தெளிவில் பார்த்தால் அதன் இரட்டிப்பும் ஆகலாம். போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, 40 என்று போடுங்கள். தம்பி மாசம் நாலு கல்யாணம் அனுப்பினால் 80, ஏற்றுவதும் ஜிபியில் கழியும், இது பலருக்குத் தெரியாது. ஆக 220, 230 ஜிபி. 40 ஜிபி ரவுட்டர் பக்கேஜை மலிவு என்று வாங்கினால் மாசத்தின் ஆறாம் நாள் முடிந்துவிடும். வந்த விற்பனையாளர் 50 எம்பிபிஎஸ் என்றாரே, எத்தனை ஜிபி என்று சொன்னாரா? கடிதத்தில் அது இல்லை. அவர் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

விலையைக் கேட்கும்போது வரியோடா வரியில்லாமலா என்றும் கேளுங்கள். வற் வரி மட்டும் 2024இல் இருந்து 18 வீதம், அதற்கு மேலும் சில்லறையாக ஏறும். ‘அன்லிமிட்டட்’ என்று எழுதியிருந்தால் அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும், அந்த நட்சத்திரத்தைத் தேடிப் பக்கத்தின் அடியில் போய் வாசியுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரை தனி அளவு தரும் பக்கேஜ்களும் உண்டு, தம்பிக்கு அது தோதுப்படும்.

இனி, படுவான்கரை என்றால் பிந்தித்தானா என்ற கேள்வி. கோபம் நியாயமானது. மண்முனையில் பாலம் வந்ததே 2014இல், அதுவரை படகுப் பாதையில் காத்துக் கிடந்துதான் போய்வந்தோம். ஃபைபர் விசயத்தில் யாரோ படுவான்கரையை வேண்டாம் என்று கோடு போட்டதாக நான் நினைக்கவில்லை, கம்பக் கணக்குத்தான் காரணம். எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு நாடா. மட்டக்களப்பில் இருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று ஒரே வீதியில் வீடு வீடாக ஒட்டிக்கொண்டு போகிறது. வழக்கமான ஃபைபர் முறையில் ஒரு கண்ணாடி நூலைப் பிரித்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ கொடுப்பார்கள். காத்தான்குடியில் அந்த 32 வீடும் ஒரே ஒழுங்கைக்குள் கிடைக்கும். உங்கள் பக்கம் நாலு வீடு, பிறகு வயல், பிறகு ஒரு குளக்கட்டு, பிறகு மூன்று வீடு. அதே 32 வீட்டைப் பிடிக்க எத்தனை கம்பம் நட வேண்டும் என்று பார்க்கிறான் கம்பனிக்காரன். தூரம் தடையே இல்லை, அந்த வெளிச்சம் 20 கிலோமீற்றர் வரை தாராளமாகப் போகும். காசுதான் போகாது.

இதில் ஆக்கள் ஏமாறுகிற இடம் ஒன்று. ரோட்டில் கறுப்பு வயர் ஒன்று போகும், பார்த்தவுடன் ஃபைபர் வந்திட்டு என்பார்கள். வந்திருக்கலாம், ஆனால் அது டவருக்கோ வங்கிக்கோ பிரதேச செயலகத்துக்கோ போகிற நேர் லைனாக இருக்கும், பாலத்துக்கு மேல் கடுகதி பஸ் போகிற மாதிரி, உங்கள் ஊரில் நிற்காது. வீடுகளுக்கு இறக்க வேண்டுமென்றால் கம்பத்தில் ஒரு சின்னப் பெட்டி தொங்க வேண்டும், அதில் இருந்து வீடுகளுக்கு மெல்லிய வயர் பிரியும். நாளைக்குப் பாடசாலை விட்டு வரும்போது கம்பங்களை ஒருக்கா அண்ணாந்து பாருங்கள். பெட்டி இருந்தால், அதில் இருந்து உங்கள் படலை வரை எத்தனை கம்பம் என்று எண்ணி, பெட்டி உள்ள கம்பத்தின் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு கம்பனிக் காரியாலயத்துக்குப் போங்கள். “ஃபைபர் எப்ப வரும்” என்று கேட்டால் “வரும்” என்பார்கள். “இந்த இலக்கக் கம்பத்துப் பெட்டியில் இடம் இருக்கா, எனக்கு ஆறு கம்பம் தூரம்” என்று கேட்டால் ஆள் எழும்பிக் கம்பியூட்டரைப் பார்ப்பார். பெட்டியே இல்லை என்றால் ஊரில் பத்துப் பதினைந்து வீட்டார் பெயரும் முகவரியும் சேர்த்து ஒரு கடிதமாகக் கொடுங்கள். நீங்கள் டீச்சர், உங்களுக்கு ஒரு பெற்றோர் கூட்டம் போதும். அது நாளைக்கே லைன் கொண்டுவராது, ஆனால் கம்பக் கணக்கில் ஒரு பக்கம் கனம் கூடும்.

பழைய செம்புக் கம்பி லைன், 065 நம்பர் வீட்டுப் போனோடு வந்தது, அதில் இணையம் எடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் என்றால் 24 வரை போகும் முறைதான், நாலைந்து கிலோமீற்றர் தள்ளினால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஒக்டோபர் பின்னேரத்து இடிக்கு முதலில் போவதும் அதுதான். விடுங்கள்.

ஆக, இப்போதைக்கு உங்கள் வீட்டுக்கு 4ஜிதான் நடைமுறை. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

டவர் ஒன்றின் ஒரு பக்கம், 20 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை ஒன்றில், வழக்கமான 4ஜியில் ஏட்டுக் கணக்குக்கு 150 எம்பிபிஎஸ் தரும். நடைமுறையில் அதில் பாதி வந்தாலே பெரிய விசயம். அந்தப் பாதியை அந்தப் பக்கம் பார்த்திருக்கும் எல்லா வீடும் எல்லாப் போனும் பங்கு போட வேண்டும். காலை பத்து மணிக்கு ஆக்கள் வயலில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், நீங்கள் ஒருவர் பார்த்தால் 45 காட்டும். இரவு எட்டரைக்கு ஊரே பாயில் படுத்துக்கொண்டு போனைப் பார்க்கும்போது அதே இடத்தில் 2 காட்டும். “50 வரை” என்பதில் அந்த ‘வரை’தான் முழு வியாபாரமும். நானே இதில் அடிபட்டவன். வெல்லாவெளிப் பக்கம் என் மாமி வீட்டுக்கு ஒரு ரவுட்டர் எடுத்துக் கொடுத்தேன், கம்பனியை விடுங்கள், வந்து பூட்டிய பொடியன் முன்னால் நின்று 38 காட்டினான், நேரம் காலை பதினொன்று. இந்தத் தொழிலிலேயே கிடக்கிற நானும் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டேன். இரவு மாமி எடுத்து, “தம்பி, உன்ர பெட்டியில் லைட் மட்டும் வடிவா எரியுது” என்றா.

அதனால் வாங்குவதற்கு முன் மூன்று நாள் வேலை ஒன்று தருகிறேன், மகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டயலொக், மொபிட்டல், ஹட்ச் மூன்று சிம்மும் எப்படியும் அயலில் யாரிடமாவது இருக்கும், இரவல் வாங்குங்கள். காலை ஏழு, பகல் இரண்டு, இரவு எட்டரை, மூன்று நேரமும் வீட்டின் ஒரே இடத்தில் நின்று வேகப் பரிசோதனை செய்து, இறக்கம், ஏற்றம், பிங் (அனுப்பியது போய்த் திரும்ப எடுக்கும் நேரம், மில்லிசெக்கனில்) மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டேட்டா தின்னும், சிம் சொந்தக்காரரிடம் முதலே சொல்லிவிடுங்கள். மூன்று இரவில் எந்த சிம் 8க்குக் கீழே இறங்காமல் நிற்கிறதோ அந்தக் கம்பனியோடுதான் பேச்சு. காலை எண்ணைப் பார்க்கவே வேண்டாம். பிங் 100க்கு மேல் நின்றால் கட்டாருக்குக் கதைக்கும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாய் திறப்பீர்கள், பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “சொல்லுங்கோ” என்பீர்கள்.

போனில் 8 வருகிற இடத்தில், கூரைக்கு மேல் பூட்டும் வெளி அன்டெனா ரவுட்டருக்கு 20 வரவும் கூடும். உங்கள் வீடு தகரக் கூரை என்றால் இது கட்டாயம், தகரத்துக்குக் கீழே ரவுட்டரை வைப்பது சருவத்துக்குள் ரேடியோவை வைப்பது போல. பூட்ட வருகிறவரிடம் சிக்னல் கோடு எத்தனை என்று கேட்காதீர்கள். ரவுட்டரின் அடியில் ஒரு முகவரி ஒட்டியிருக்கும், 192.168 என்று தொடங்கும், அதைப் போனில் அடித்தால் உள்ளே ஒரு பக்கம் திறக்கும். அதில் எஸ்.ஐ.என்.ஆர். என்று ஒரு எண் இருக்கும். சத்தத்துக்கு நடுவில் டவரின் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதன் அளவு அது. 15க்கு மேல் என்றால் நல்லது, 5க்குக் கீழே என்றால் இரவில் அழுவீர்கள், 0க்கு வந்தால் அந்தத் திசையே பிழை. கோடு நாலும் நிறைந்திருக்கும், இந்த எண் 2இல் கிடக்கும், அப்படி எத்தனையோ வீடு பார்த்திருக்கிறேன். பூட்ட வரும் பொடியன் கூரையில் நின்று அன்டெனா பூட்டிய குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும், மகள் கீழே நின்று எண்ணைச் சத்தமாக வாசிக்க வேண்டும், ஒரு கை அகலம் திருப்பினாலே 4இல் இருந்து 13க்குப் போகும். பக்கத்து டவர்தான் நல்லது என்றும் இல்லை. வாவிக் கரையோர வீடுகள் சில, தண்ணீருக்கு மேல் மறைப்பில்லாமல் தெரியும் அக்கரை டவரைத்தான் நன்றாகப் பிடிக்கின்றன. அதுவும் எழுவான்கரையின் உபயம்தான், வாங்கிக்கொள்வோம்.

குழாயை மண்ணில் எர்த் பண்ணச் சொல்லுங்கள். இடி முழங்கினால் ரவுட்டரின் வயரையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள், ஏப்ரலிலும் மாரி தொடங்கும்போதும் இதை மறந்தவர்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகிறார்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்றால், ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். ஒன்று வாங்கி வையுங்கள், சோப்புப் பெட்டி அளவு சாமான், இரண்டு மூன்று மணித்தியாலம் இழுக்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்படி ஒரு நாள் திரும்ப வந்தால் டவரின் பட்டரியே படுத்துவிடும், அப்போது உங்கள் பெட்டி உயிரோடு இருந்தும் பயனில்லை.

ஸ்டார்லிங்க் பற்றித் தம்பி கேட்டது பிழையில்லை. 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டது. பழைய செய்மதி இணையம் 36,000 கிலோமீற்றர் போய்த் திரும்பும், ஒரு சொல் சொல்லி மறு சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும். இது ஏறக்குறைய 500 கிலோமீற்றரில் சுற்றுகிறது, ஆகவே சூமுக்கும் கட்டாருக்கும் தாராளம், டவரும் தேவையில்லை, கம்பமும் தேவையில்லை. ஆனால் வந்த நேரத்தில் சாமானுக்கே இலட்சம் ரூபாய்க்கு மேல் முதலில் வைக்க வேண்டியிருந்தது, மாசக் கட்டணமும் பத்தாயிரத்தைத் தாண்டியது. வானம் திறந்திருக்க வேண்டும், தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீட்டில் ஒவ்வொரு ஓலை ஆடும்போதும் அறுந்து அறுந்து சேரும். ரவுட்டர் 10 வோட் இழுக்கும் இடத்தில் வழமையான டிஷ் 75, 100 என்று இழுக்கும், மினி யூ.பி.எஸ். தாங்காது. தம்பி இதை ஸ்டூடியோ செலவாகப் போட்டு, நாலைந்து வீடியோக்காரப் பொடியன்கள் சேர்ந்து ஒரு இடத்தில் வைத்தால் யோசிக்கலாம். வீட்டுக்கு, இப்போதைக்கு வேண்டாம்.

தம்பிக்கு வழி சொல்கிறேன் என்றேன். 20 ஜிபி ஃபைலை 4ஜியில் ஒன்பது மணித்தியாலம் தள்ளுவதைவிட, ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலத்தால் கல்லடிக்கு விடச் சொல்லுங்கள். தங்கச்சி வீட்டு ஃபைபரில் ஏற்றம் 50 இருந்தால், வயரில் கொழுவினால், ஒரு மணித்தியாலத்துக்குள் கனடாவில் இறங்கிவிடும், தங்கச்சியின் சாப்பாடும் கிடைக்கும். போகிற கையோடு அந்த வெள்ளைப் பெட்டியையும் இடம் மாற்றிக் கொடுக்கலாம். அவருடைய 80 ஜிபி உங்கள் கணக்கில் இருந்து கழிந்தால் 150 ஜிபி அளவில் ஒரு பக்கேஜ் வீட்டுக்குக் காணும், நாடகத்தை 480 என்ற குறைந்த தெளிவில் பார்க்க அம்மாவைச் சம்மதிக்க வைத்தால் 120இலும் சமாளிக்கலாம். அம்மாவிடம் அதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கையெழுத்து வைப்பதற்கு முன் விற்பனையாளரிடம் இரவு எட்டரைக்கு வந்து பூட்டிக் காட்டச் சொல்லுங்கள், பகலில் வேண்டாம். வருகிறேன் என்று சொல்கிறவரிடம் வாங்கலாம். எத்தனை மாச ஒப்பந்தம், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், ரவுட்டர் வேறு சிம்முக்குத் திறக்குமா, இந்த மூன்றையும் கடதாசியில் எழுதி வாங்குங்கள். பிறகு சொன்னபடி வராமல், கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டும் அசையாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900க்கு எடுக்கலாம். அப்போது நீங்கள் எழுதி வைத்த அந்தக் கொப்பி உதவும், திகதி, நேரம், எண் எல்லாம் அதில் இருக்கும்.

மூன்று இரவு எண்களையும் எழுதி அனுப்புங்கள், வீட்டுக் கூரையும் சுற்று வளவும் தெரிய ஒரு படமும். கடிதத்தின் கடைசியில், டவர் பக்கம் நிற்கிற மாமரத்தை வெட்டினால் சிக்னல் கூடும் என்று அந்த விற்பனையாளர் சொன்னதாக ஒரு வரி போட்டிருந்தீர்கள். வெட்ட வேண்டாம். குழாயை இன்னும் ஐந்தடி உயர்த்தச் சொல்லுங்கள்.